கரியமில வாயு நேர்கோடு. கந்தகப் புகை மட்டும் ஏன் கோணல்?

காங்கேயம் களம்:
வணக்கம்ங்க. காங்கேயம் பக்கத்தில் கொப்பரைக் களம் வைத்திருக்கிறேன். படிப்பு பத்தாவதோடு சரி. மகள் பதினொன்றாம் வகுப்பு. போன வாரம் வேதியியல் தேர்வில் சல்பர் டை ஆக்சைடின் வடிவம் என்ன என்று ஒரு இரண்டு மதிப்பெண் கேள்வி. நேர்கோடு என்று எழுதி, நடுவில் கந்தகம், இந்தப் பக்கம் ஒரு ஆக்சிஜன், அந்தப் பக்கம் ஒரு ஆக்சிஜன் என்று அழகாகப் படமும் போட்டிருக்கிறாள். இரண்டும் போச்சு. ஏன் தப்பு என்று ஒரு வார்த்தை இல்லை, சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி மட்டும்.

அவள் கேட்பது இதுதான். கார்பன் டை ஆக்சைடிலும் நடுவில் ஒன்று, இரண்டு பக்கமும் ஆக்சிஜன், இரண்டு பக்கமும் இரட்டைப் பிணைப்பு. அது நேர்கோடு என்று புத்தகமே சொல்கிறது. நடுவில் இருக்கிற ஆளை மாற்றினால் வடிவம் ஏன் மாற வேண்டும்? எனக்குப் பதில் தெரியவில்லை. மழை பிடித்துக்கொண்டால் பருப்பு பூசணம் பிடிக்காமல் இருக்கக் கந்தகம் போடுகிறவன் நான். அது எரிந்து வருகிற புகை இந்த சல்பர் டை ஆக்சைடுதானாம். இத்தனை வருடம் முகர்ந்த புகைக்கு ஒரு வடிவம் இருக்கிறது என்பதே மகள் சொல்லித்தான் தெரியும்.

மூன்றாமாண்டு (கோவை):
கந்தகத்தின் மேல் ஒரு லோன் பேர் இருக்கிறது அண்ணா. எஸ்பி2 இனக்கலப்பு. அதனால் வி வடிவம், கோணம் 119.5 பாகை.

காங்கேயம் களம்:
தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள், இதையே புத்தகமும் சொல்கிறது. அந்த ஜோடி அங்கே எப்படி வந்தது, கார்பனுக்கு ஏன் வரவில்லை என்பதுதான் கேள்வி.

சாக்பீஸ் (கோபி):
ஓய்வு பெற்ற வேதியியல் வாத்தியார் நான். மதிப்பெண் போனது போனதுதான், ஆனால் அம்மிணி கேட்ட விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றியிருக்கிறதே.

படத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு வரவு செலவு மட்டும் பாருங்கள். வெளிக்கூட்டில் கார்பனுக்கு 4 எலக்ட்ரான், கந்தகத்துக்கு 6. ஒரு ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பு போட நடு அணு தன் பங்காக 2 எலக்ட்ரான் தர வேண்டும். இரண்டு ஆக்சிஜனுக்கு 4. கார்பனிடம் இருந்ததே 4, எல்லாம் தீர்ந்தது. கந்தகத்திடம் 2 மிச்சம். அந்த இரண்டும் யாருடனும் பங்கு போடாமல் கந்தகத்தின் மேலேயே தங்கிவிடுகின்றன. மூன்றாமாண்டுத் தம்பி சொன்ன லோன் பேர் இதுதான். புத்தகத்தில் தனித்த எலக்ட்ரான் இரட்டை என்று இருக்கும், நான் தனி ஜோடி என்கிறேன்.

நாம் தாளில் எழுத்தையும் கோட்டையும் போடுகிறோம், தனி ஜோடியைப் பெரும்பாலும் போடுவதில்லை. போடாவிட்டாலும் அது இடம் கேட்கும். களத்தில் ஒரே முளையில் ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு ஆட்டைக் கட்டினால் என்ன ஆகும்? ஒன்று கிழக்கே இழுக்கும், ஒன்று மேற்கே இழுக்கும். அது கார்பன் டை ஆக்சைடு, 180 பாகை. மூன்று ஆடு என்றால் மூன்று திசையில் பிரிந்து 120 பாகையில் நிற்கும். கந்தகப் புகையில் கட்டியிருப்பது மூன்று ஆடு. ஒன்று கண்ணுக்குத் தெரியாது. தெரிகிற இரண்டை மட்டும் பார்த்தால், காரணமே இல்லாமல் கோணலாக நிற்கிற மாதிரி இருக்கும்.

இதற்கு இணைதிறன் கூட்டு எலக்ட்ரான் இரட்டை விலக்கக் கொள்கை என்று முழம் நீளத்துக்குப் பெயர். பிள்ளைகள் வெஸ்பர் என்கிறார்கள், நாமும் அப்படியே சொல்லலாம். 1939இல் ஜப்பானில் சுச்சிதா, அடுத்த வருடமே இங்கிலாந்தில் சிட்ஜ்விக்கும் பவலும் தனித்தனியாக இந்த எண்ணத்தைச் சொன்னார்கள். 1957இல் கில்லெஸ்பியும் நைஹோமும் அதை இன்று நாம் நடத்துகிற ஒழுங்குக்குக் கொண்டுவந்தார்கள்.

காங்கேயம் களம்:
ஆடு கணக்கு விளங்கிவிட்டது ஐயா. மகளிடம் சொன்னேன், அவள் உடனே அடுத்ததைப் போடுகிறாள். இரட்டைப் பிணைப்பு என்றால் இரண்டு ஜோடி. இரண்டு இரட்டைப் பிணைப்பில் நான்கு, தனி ஜோடி ஒன்று, ஆக ஐந்து ஆடு அல்லவா? ஏன் மூன்று என்கிறீர்கள் என்கிறாள்.

சாக்பீஸ் (கோபி):
காங்கேயத்துக்காரருக்கு இதைக் காளையை வைத்தே சொல்லிவிடலாம். அடங்காத காளை ஒன்றுக்கு இரண்டு கயிறு போட்டுக் கட்டுகிறீர்கள். கயிறு இரண்டு ஆனதால் மாடு இரண்டாகிவிடுமா? மாடு ஒன்று, அது நிற்கிற திசையும் ஒன்று. இரட்டைப் பிணைப்பின் இரண்டு ஜோடிகளும் அதே ஆக்சிஜனைத்தான் பிடித்திருக்கின்றன, ஆளுக்கொரு பக்கம் போக முடியாது. அதனால் ஜோடிகளை எண்ணாமல் திசைகளை எண்ண வேண்டும். ஒற்றை, இரட்டை, மூன்று எதுவானாலும் ஒரு திசை. தனி ஜோடி ஒவ்வொன்றும் ஒரு திசை.

ஆனால் இரண்டு கயிறு கட்டின திசை கொஞ்சம் தடிப்பு. கூடுதலாக இடம் பிடிக்கும். சல்பர் டை ஆக்சைடில் தனி ஜோடி ஒரு பக்கம் நெருக்குகிறது, இரட்டைப் பிணைப்புகளும் விட்டுக்கொடுக்காமல் எதிர்க்கின்றன. அதனால்தான் கோணம் 120ஐ விட்டு அதிகம் இறங்காமல் 119.5இல் நிற்கிறது.

முட்டை வண்டி (நாமக்கல்):
நடுவில் வருவதற்கு மன்னிக்கணும். வேதியியல் எனக்குத் தூரம், ஆடு மட்டும் நன்றாகத் தெரியும். நாலு ஆட்டை ஒரே முளையில் கட்டினால் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று நிற்கும். நடுக்கோணம் 90. ஆனால் என் பையன் புத்தகத்தில் சாண எரிவாயுவுக்கு, அதாவது மீத்தேனுக்கு, 109.5 என்று போட்டிருக்கிறது. வாத்தியார் ஆடு பொய் சொல்கிறதா?

சாக்பீஸ் (கோபி):
பொய் சொல்வது ஆடு இல்லை, தரை. ஆட்டால் மேலே பறக்க முடியாது, கீழே புதையவும் முடியாது. மூலக்கூறுக்குத் தரை ஏது? நாலும் ஒரே தட்டில் நின்றால் 90 பாகைதான் கிடைக்கும். மேலும் கீழும் இறங்கி ஏறி நின்றால் இன்னும் விலகலாம், அந்த அதிகபட்சம் 109.5.

நம்பிக்கை வராவிட்டால் எல்லாப் பக்கமும் சமமான ஒரு அட்டைப் பெட்டியை எடுங்கள். எட்டு மூலை. எந்த இரண்டும் ஒரே விளிம்பில் வராதபடி நான்கு மூலைகளுக்கு மட்டும் பொட்டு வையுங்கள். பெட்டியின் நடுவிலிருந்து அந்த நான்குக்கும் நூல் கட்டியதாக நினைத்தால், எந்த இரண்டு நூலுக்கு இடையிலும் 109.5 பாகை. அதற்கு நான்முகி என்று பெயர். கார்பனின் நான்கு கைகளும் இப்படித்தான் நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று 1874இல் வான்ட் ஹாஃபும் லெ பெல்லும் தனித்தனியாகச் சொன்னார்கள். எலக்ட்ரானையே அப்போது யாரும் கண்டுபிடித்திருக்கவில்லை!

பெட்டி இல்லாவிட்டால் நான்கு பலூனை ஒரே அளவில் ஊதிக் காம்புகளை ஒன்றாக இறுக்கிக் கட்டுங்கள். நீங்கள் எப்படிப் பிடித்தாலும் அதுவாகவே நான்முகியாகத் திரும்பிக்கொள்ளும். வகுப்பில் இதைச் செய்யும்போது கடைசி பெஞ்ச் கூட எழுந்து நின்று பார்க்கும்.

ஈரோடு கோச்சிங்:
ஐயா, ஆடு மாடெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. நீட் தேர்வில் மூன்று மணி நேரத்தில் 180 கேள்வி. பையன் அங்கே உட்கார்ந்து ஆட்டைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. ஒரு அட்டவணை, பதினைந்து மூலக்கூறு, பதினைந்து வடிவம், மனப்பாடம். நாங்கள் அப்படித்தான் நடத்துகிறோம், பிள்ளைகள் மதிப்பெண் வாங்குகிறார்கள்.

மூன்றாமாண்டு (கோவை):
பதினாறாவது மூலக்கூறு வந்தால்?

ஈரோடு கோச்சிங்:
வராது. வந்தாலும் ஒரு கேள்வி, நான்கு மதிப்பெண்.

மூன்றாமாண்டு (கோவை):
மனப்பாடம் தேவையில்லாத குறுக்குவழி ஒன்று இருக்கிறது அண்ணா, எங்கள் சீனியர் சொல்லிக்கொடுத்தது. எல்லா அணுக்களின் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களையும் கூட்டுங்கள். எட்டால் வகுங்கள். ஈவு, நடு அணுவோடு எத்தனை அணு சேர்ந்திருக்கிறது என்று சொல்லும். மீதியை இரண்டால் வகுத்தால் நடு அணுவின் மேல் எத்தனை தனி ஜோடி என்று கிடைக்கும்.

கார்பன் டை ஆக்சைடு: 4, 6, 6 சேர்ந்து 16. எட்டால் வகுத்தால் 2, மீதி இல்லை. தனி ஜோடி இல்லை, நேர்கோடு.
சல்பர் டை ஆக்சைடு: 6, 6, 6 சேர்ந்து 18. ஈவு 2, மீதி 2. ஒரு தனி ஜோடி, கோணல்.

காங்கேயத்து அண்ணன் மகள் கேட்ட கேள்விக்கு முழுப் பதிலும் அந்த 16க்கும் 18க்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம்தான். ஓசோனுக்கும் 18 வரும். அதுவும் கோணல், ஏறத்தாழ 117 பாகை.

முட்டை வண்டி (நாமக்கல்):
இது எங்கள் கணக்கு மாதிரியே இருக்கிறது! தட்டுக்கு 30 முட்டை. தட்டெல்லாம் நிரம்பினது போக மிச்சம் இருக்கிற முட்டை அடுக்குகிறவன் கையில். இங்கே தட்டுக்கு எட்டு, மிச்சம் நடுவில் இருக்கிறவன் தலையில்.

சரி, நானே ஒன்று போட்டுப் பார்க்கிறேன். எங்கள் தொழிலின் வாசனையே அம்மோனியாதான். எச்சம் ஈரமாகிவிட்டால் ஷெட்டுக்குள் கண்ணைத் திறக்க முடியாது. நைட்ரஜனுக்கு 5, ஹைட்ரஜன் மூன்று, ஆக 8. எட்டால் வகுத்தால் 1, மீதி சைபர். அப்படியானால் அம்மோனியாவில் ஒரே ஒரு அணுதான் சேர்ந்திருக்கிறது?

மூன்றாமாண்டு (கோவை):
தப்பு என்மேல்தான் அண்ணா, பாதிதான் சொன்னேன். ஆக்சிஜன், புளூரின், குளோரின் எல்லாம் எட்டு எலக்ட்ரான் இருந்தால்தான் நிறையும், அதனால் எட்டு முட்டைத் தட்டு. ஹைட்ரஜனுக்கு இரண்டே போதும், அது இரண்டு முட்டைத் தட்டு. முதலில் ஒவ்வொரு ஹைட்ரஜனுக்கும் 2 கழித்துவிடுங்கள், மிச்சத்தை எட்டால் வகுங்கள். அம்மோனியாவில் 8இல் 6 போக மீதி 2. மூன்று ஹைட்ரஜன், ஒரு தனி ஜோடி. தண்ணீரில் 8இல் 4 போக மீதி 4. இரண்டு ஹைட்ரஜன், இரண்டு தனி ஜோடி. மீத்தேனில் 8இல் 8 போய்விடும், தனி ஜோடியே இல்லை. குளோரோஃபார்மில் மொத்தம் 26, ஹைட்ரஜனுக்கு 2 போனால் 24, மூன்று குளோரின், மீதி இல்லை. நாலு திசை, நான்முகி.

ஒன்று மட்டும் கவனிக்கணும். நடு அணு ஒன்றே ஒன்று இருக்கிற மூலக்கூறுக்குத்தான் இந்தக் கணக்கு.

சாக்பீஸ் (கோபி):
தம்பி சொன்ன மூன்றையும் வரிசையாக வையுங்கள். மீத்தேன் 109.5, அம்மோனியா 107, தண்ணீர் 104.5. மூன்றுக்கும் திசை நான்குதான். தனி ஜோடி ஒன்று கூடக் கூடக் கோணம் சுருங்குகிறது.

காரணம் இருக்கிறது. பிணைப்பு ஜோடியை இரண்டு பக்கமும் இரண்டு அணுக்கரு இழுத்துப் பிடிக்கின்றன, ஒல்லியாக நீண்டு கிடக்கும். தனி ஜோடிக்கு ஒரே பக்கம்தான் பிடி. டவுன் பஸ்ஸில் இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒடுங்கி உட்காருவார்கள், தனியாக ஒருவர் ஏறினால் பையை ஒரு பக்கம், காலை ஒரு பக்கம் என்று சீட்டு முழுவதையும் எடுத்துக்கொள்வார் இல்லையா, அந்த மாதிரி நடு அணுவைச் சுற்றிப் பரந்துவிடும். பக்கத்தில் இருக்கிறவர்கள் நெருங்க வேண்டியதுதான்.

பிள்ளைகள் மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று. வடிவத்துக்குப் பெயர் வைக்கும்போது அணுக்களை மட்டும் பார்க்க வேண்டும். அம்மோனியாவில் எலக்ட்ரான் திசைகள் நான்முகி, மூலக்கூறின் பெயர் முக்கோணப் பிரமிடு. நைட்ரஜன் உச்சியில், மூன்று ஹைட்ரஜன் அடியில், அடுப்புக்கூட்டு மாதிரி. நைட்ரஜனுக்கு மேலே தனி ஜோடி குடை பிடித்தாற்போல் இருக்கும்.

இன்னொரு வேடிக்கை. அந்தப் பிரமிடு சும்மா இருக்காது. காற்றில் குடை உள்புறமாக மடங்குகிற மாதிரி, நைட்ரஜன் ஹைட்ரஜன் தளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய் வரும், விநாடிக்கு ஏறத்தாழ 2,400 கோடி முறை. 1954இல் அமெரிக்க இயற்பியலாளர் டவுன்ஸ் குழுவினர் செய்த முதல் மேசர், அதாவது நுண்ணலையைப் பெருக்குகிற கருவி, இந்த மடங்கலை வைத்துத்தான் வேலை செய்தது. லேசருக்கு அண்ணன் அது.

முட்டை வண்டி (நாமக்கல்):
என் ஷெட்டுக்குள் இத்தனை கூத்து நடக்கிறதா! நான் விசிறி போட்டு வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

சாயக்காரன் (திருப்பூர்):
வடிவம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று யாராவது கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். காங்கேயத்து அண்ணனுக்குக் கந்தகப் புகை பட்டால் கண்ணும் தொண்டையும் உடனே எரியும். சோடா மூடியைத் திறந்தால் வருகிற கரியமில வாயு அப்படி எரிக்காது. இதில் வடிவத்துக்கும் பங்கு இருக்கிறது.

கார்பன் டை ஆக்சைடில் இரண்டு ஆக்சிஜனும் எலக்ட்ரானை எதிரெதிர்ப் பக்கம் சமமாக இழுக்கின்றன. கயிறு இழுக்கும் போட்டியில் இரண்டு அணியும் சமம் என்றால் முடிச்சு நகராது. மொத்த முனைவுத்தன்மை சைபர். சல்பர் டை ஆக்சைடில் இரண்டு இழுப்பும் கோணலாக இருப்பதால் ஒன்றையொன்று அழிக்காது, ஏறத்தாழ 1.6 டிபை மிஞ்சும், டிபை என்பது முனைவை அளக்கிற அலகு. ஒரு பக்கம் நேர்மின், ஒரு பக்கம் எதிர்மின். தண்ணீரும் அப்படிப்பட்ட ஆள்தான், இரண்டும் ஒட்டிக்கொள்ளும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரியமில வாயு ஒன்றரை கிராம் அளவுதான் கரையும், சல்பர் டை ஆக்சைடு 90 கிராமுக்கு மேல். கரைந்தது தண்ணீரோடு சேர்ந்து அமிலமாகவும் மாறுகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும், எல்லாப் புகழையும் கோணத்துக்கே கொடுக்கக் கூடாது. கண்ணிலும் தொண்டையிலும் இருப்பது ஈரம்தானே, புகை முதலில் பிடிக்கிற இடம் அது. பருப்பின் மேல் இருக்கிற ஈரத்திலும் இதே கதைதான், பூசணம் அங்கேதான் சாகிறது.

எங்கள் பட்டறையில் பனியன் துணியை வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு போடுகிறோம். அதன் வடிவம் என்ன என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவர் கேட்டார், விழித்தேன். வெஸ்பர் வைத்து எப்படிப் போடுவது?

சாக்பீஸ் (கோபி):
அதில் நடு அணு ஒன்றில்லை, இரண்டு ஆக்சிஜன். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒவ்வொரு ஆக்சிஜனுக்கும் இரண்டு பிணைப்பு, இரண்டு தனி ஜோடி. தண்ணீரைப் போலவே இரண்டு இடத்தில் வளைவு. அதுவரை வெஸ்பர் கூட்டிக்கொண்டு போகும். அந்த இரண்டு வளைவும் ஒரே தளத்திலா, முறுக்கியா என்பதை எண்ணிக்கை மட்டும் சொல்லாது. பாதி திறந்த புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதுகில் இரண்டு ஆக்சிஜன், ஒவ்வொரு அட்டையிலும் ஒரு ஹைட்ரஜன். வாயு நிலையில் அட்டைகளுக்கு நடுவே ஏறத்தாழ 111 பாகை.

காங்கேயம் களம்:
அப்பா ஐடியில் எழுதுகிறேன், நான்தான் அந்தப் பெருக்கல் குறி வாங்கினவள். எல்லோருக்கும் நன்றி. எட்டு கணக்கை வைத்துப் புத்தகத்தில் இருப்பதையெல்லாம் போட்டுப் பார்த்தேன். குளோரின் ட்ரை புளூரைடில் 7ம் 21ம் சேர்ந்து 28. ஈவு 3, மீதி 4, இரண்டு தனி ஜோடி. ஐந்து திசை. முக்கோண இருபிரமிடு என்று போட்டிருக்கிறது, சரி. ஆனால் விடை டி வடிவமாம். மூன்று புளூரினும் இடுப்பில் முக்கோணமாக நின்று, இரண்டு தனி ஜோடியும் மேலும் கீழும் போயிருக்கலாமே? அதுதான் பார்க்க ஒழுங்காக இருக்கிறது.

சாக்பீஸ் (கோபி):
வா கண்ணு, இதுதான் அந்தப் பாடத்தின் கஷ்டமான இடம், நேராக அங்கேயே வந்துவிட்டாய்.

இரண்டு திசை, மூன்று, நான்கு, ஆறு, இவற்றில் எல்லா இடமும் சமம். ஐந்தில் மட்டும் இல்லை. இடுப்பில் மூன்று இடம், தலையில் ஒன்று, காலில் ஒன்று. தலையில் உட்கார்ந்தால் 90 பாகையில் இடிக்கிற அண்டைவீட்டார் மூன்று பேர். இடுப்பில் உட்கார்ந்தால் 90 பாகையில் இரண்டே பேர், மற்ற இரண்டு பேர் 120 பாகை தள்ளி. பரந்து உட்காருகிற தனி ஜோடிக்கு எந்த வீடு வசதி? இடுப்புதான். முதலில் தனி ஜோடிகளுக்கு இடுப்பில் இடம் கொடு, மிச்ச இடத்தில் புளூரின்களை வை. இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று, காலில் ஒன்று. சாய்த்துப் பார்த்தால் டி. தனி ஜோடிகளின் நெருக்கலில் கோணம் 90 கூட இல்லை, 87.5.

இப்போது சல்பர் டெட்ரா புளூரைடையும் செனான் டெட்ரா புளூரைடையும் போட்டுப் பார். இரண்டிலும் நடுவில் ஒன்று, சுற்றி நான்கு புளூரின். வடிவம் ஒன்றாக வருமா?

காங்கேயம் களம்:
முதலாவது 6ம் 28ம் 34. ஈவு 4, மீதி 2. ஐந்து திசை, ஒரு தனி ஜோடி, அது இடுப்பில். பூங்காவில் இருக்கிற சீசா பலகை மாதிரி வருகிறது ஐயா. இரண்டாவது 8ம் 28ம் 36. ஈவு 4, மீதி 4. ஆறு திசை, இரண்டு தனி ஜோடி. ஆறிலும் எல்லா இடமும் சமம் என்றீர்கள். முதல் ஜோடி எங்கே வேண்டுமானாலும் போகலாம், இரண்டாவது அதற்கு நேர் எதிரே போகும். அப்படியானால் நான்கு புளூரினும் ஒரே தளத்தில் சதுரமாக!

முட்டை வண்டி மாமா, உங்கள் ஆடு இங்கே சரியாக நிற்கிறது.

முட்டை வண்டி (நாமக்கல்):
சொன்னேனா இல்லையா அம்மிணி! ஆடு பொய் சொல்லாது.

சாக்பீஸ் (கோபி):
இரண்டும் சரி. செனான் யாருடனும் சேராது என்று நான் படிக்கும்போது எங்கள் வாத்தியார் அடித்துச் சொன்னார். 1962இலேயே பார்ட்லெட் அதைச் சேர வைத்துவிட்டார் என்பது எங்கள் வகுப்புக்கு வந்து சேரவில்லை. அதே வருடம் அமெரிக்காவில் ஆர்கோன் ஆய்வகத்தில் இந்தச் செனான் டெட்ரா புளூரைடையும் செய்துவிட்டார்கள்.

ஈரோடு கோச்சிங்:
எட்டு கணக்கும் ஒரு மனப்பாடம்தான் என்பதை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன். ஆனால் சின்ன மனப்பாடம், ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பிள்ளைகள் இனக்கலப்பு வைத்துப் போடுகிறார்கள், அதாவது நடு அணுவில் எலக்ட்ரான் இருக்கிற எஸ், பி, டி ஆர்பிட்டால்களைக் கலந்து கணக்குப் பார்க்கிற முறை. எஸ்பி3டி2 என்றால் ஆறு திசை உள்ள எண்முகி, முடிந்தது. அதில் என்ன குறை?

மூன்றாமாண்டு (கோவை):
அது எஸ்பி3டி2 என்று எப்படித் தெரிந்துகொள்கிறார்கள் அண்ணா? ஆறு திசை என்று எண்ணிய பிறகுதானே? எண்ணி முடித்ததுமே வடிவம் தெரிந்துவிட்டது. அப்புறம் அதற்கு வைக்கிற பெயர்தான் இனக்கலப்பு. இன்னொன்று, கந்தகம், செனான் போன்றவற்றில் டி ஆர்பிட்டால் பெரிய பங்கு எடுப்பதில்லை என்று கணக்கீடுகள் காட்டிவிட்டன. தேர்வுக்கு எழுதுங்கள், தப்பில்லை. காரணம் அதுதான் என்று நம்பிவிடக் கூடாது.

வெஸ்பரின் அழகு எனக்கு நைட்ரஜன் டை ஆக்சைடில்தான் புரிந்தது. மொத்தம் 17 எலக்ட்ரான். எட்டால் வகுத்தால் ஈவு 2, மீதி 1. ஜோடி கூட இல்லை, அரை ஜோடி. அதிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கினால் 16, கோணம் 180. அப்படியே விட்டால் 134. ஒன்று சேர்த்தால் 18, கோணம் 115. அரை ஜோடி பாதி வேகத்தில் நெருக்குகிறது. இதை முதலில் பார்த்த அன்றைக்கு ஹாஸ்டலில் யாரையும் தூங்க விடவில்லை.

முலாம் பட்டறை (கோவை):
இத்தனை நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். நான் நிக்கல் முலாம் போடுகிறவன், டிப்ளமோ வேதியியல். இந்த எண்ணுகிற வித்தை நிக்கலிடம் பலிக்காது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். நிக்கல் அயனியைச் சுற்றி நான்கு குளோரைடு வந்தால் நான்முகி. அதே நிக்கல், நான்கு சயனைடு வந்தால் தட்டையான சதுரம். எலக்ட்ரான் கணக்கு இரண்டிலும் ஒன்றுதான்.

சாக்பீஸ் (கோபி):
சரியான இடத்தில் பிடித்தீர்கள். இடைநிலை உலோகங்களுக்கு உள்ளே டி எலக்ட்ரான்கள் இருக்கின்றன, அவற்றின் நியாயம் வேறு. அதற்குத் தனிப் பாடம், பன்னிரண்டாவதில் வரும். முதன்மைத் தொகுதித் தனிமங்களிலும் சறுக்கல் உண்டு. வாயு நிலையில் பேரியம் புளூரைடு நேர்கோடாக இருக்க வேண்டும், வளைந்திருக்கிறது. ஹைட்ரஜன் சல்பைடு, அழுகின முட்டை வாசம் அடிக்குமே, தண்ணீருக்கு இருக்கிற அதே கணக்குதான். கோணம் 104 பக்கம் இருக்கும் என்று நினைப்போம், அளந்தால் 92. கந்தகம் பெரிய அணு, பிணைப்பு ஜோடிகள் நடுவை விட்டுத் தள்ளி இருக்கின்றன, ஒன்றையொன்று தள்ளத் தேவை குறைவு. கோணம் குறையும் என்று வெஸ்பர் சொல்லும். எவ்வளவு குறையும் என்று அளந்துதான் பார்க்க வேண்டும்.

விலக்கம் என்றதும் மின்சுமைகள் ஒன்றையொன்று தள்ளுவது மட்டும்தான் என்று நினைக்கிறோம், ஆடு சண்டை போட்டதாக நானும் அப்படித்தான் கதை சொன்னேன். ஒரே மாதிரிச் சுழல் உள்ள எலக்ட்ரான்கள் ஒரே இடத்தில் இருக்க முடியாது என்ற பாலியின் தவிர்ப்புத் தத்துவம்தான் முக்கியக் காரணம் என்று கில்லெஸ்பியே பிற்பாடு வலியுறுத்தினார். அந்த இடத்தில் ஆடு உதவாது.

காங்கேயம் களம்:
மறுபடியும் அப்பாவாகவே எழுதுகிறேன். எலுமிச்சையையும் ஈர்க்குச்சியையும் எடுத்துக்கொண்டு களத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். சல்பர் டை ஆக்சைடில் தனி ஜோடிக்கு ஒரு குட்டிக் குரும்பையைக் குத்தி வைத்திருக்கிறாள். அதைப் பிடுங்கினால் கோணல் எதற்கு என்று தெரியாது, வைத்தால் தெரிகிறது. திங்கள்கிழமை அதைப் பள்ளிக்கு எடுத்துப் போகிறாளாம். மதிப்பெண் கேட்க இல்லை, காட்டத்தான் என்கிறாள். நம்பலாமா தெரியவில்லை.

முட்டை வண்டி (நாமக்கல்):
எனக்கு ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. அயோடினைப் பொட்டாசியம் அயோடைடு தண்ணீரில் கரைத்தால் மூன்று அயோடின் சேர்ந்த ஒன்று உண்டாகும் என்று பையன் புத்தகத்தில் பார்த்தேன். ஆளுக்கு 7, மொத்தம் 21. ஈவு 2, மீதி 5. இரண்டரை ஜோடி. இதுவும் அந்த அரை ஜோடி கேஸா?

மூன்றாமாண்டு (கோவை):
அதன் தலையில் ஒரு எதிர்மின் குறி போட்டிருக்குமே அண்ணா, பார்த்தீர்களா? வெளியிலிருந்து ஒரு எலக்ட்ரான் வந்து சேர்ந்திருக்கிறது. அதையும் கூட்டணும்.

முட்டை வண்டி (நாமக்கல்):
அட, ஆமாம், ஒரு முட்டையை எண்ணாமல் விட்டுவிட்டேன். 22. ஈவு 2, மீதி 6, மூன்று ஜோடி. ஐந்து திசை. மூன்றும் இடுப்பில். தலையில் ஒரு அயோடின், காலில் ஒரு அயோடின்.

நேர்கோடு!

சாக்பீஸ் (கோபி):
180 பாகை. உட்காருங்கள்.